வரவேற்பறை விஞ்ஞானி

எங்கள் வீட்டில் அக்காவுக்குச் செல்லப்பெயர் ராக்கெட். வைத்தது நான்தான். பாராட்டி ஒன்றும் வைக்கவில்லை. எதைச் சொன்னாலும் சுர்ரென்று கிளம்புவாள், அதனால் வைத்தேன். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பிசிக்ஸில் அவள் முதலாவதாக வந்த வருடம், "பேருக்கு ஏத்த மாதிரி பொண்ணு மேல போறா பாத்தீங்களா" என்று தெருவில் கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. செயற்கைக்கோள் செய்யும் இடத்தில் வேலை. அதற்காகத்தான் மேல்படிப்புக்கு வெளிநாடு போனாள். அவள் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஒரு ராக்கெட்டின் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் படத்தை எடுத்தவன் என் கையில் மட்டும் கிடைத்தால் நடப்பதே வேறு.

போன முதல் வருடமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சியில் ராக்கெட் கம்பெனிக்காரன் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறாள். இவள் நீட்டிய பயோடேட்டாவை அவன் தொடக்கூட இல்லை. இந்த நாட்டுக் குடியுரிமை உண்டா என்றுதான் கேட்டான். இல்லை என்றாள். ராக்கெட் செய்யத் தெரிந்தால் ஏவுகணையும் செய்யலாம், அதனால் வெளிநாட்டவரைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று இனிக்க இனிக்கச் சொல்லி, ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவைத்தான். ஃபீஸ் வாங்கும்போது அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது?

"பேசாம திரும்பி வந்துடுக்கா" என்றேன் போனில்.

"நீ சும்மா இருடா. இங்க லேப்ல நாங்களே ஒரு சாட்டிலைட் பண்றோம். அது மட்டும் மேல போகட்டும். அதைச் சொல்லி எங்க வேணும்னாலும் வேலை வாங்கிடுவேன்."

அது செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். வானத்தில் வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். நடுவில் இருக்கிற பேட்டரி இரண்டுக்கும் சாகக் கூடாது. எந்தப் பக்கத்தில் எந்தத் தாளை ஒட்டுவது, சூடேற்றும் கம்பியை எங்கே வைப்பது, எல்லாம் அக்கா போட்ட கணக்கு. அந்தப் பெட்டியோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். அம்மா பார்த்த வரன்களையெல்லாம் அதைக் காட்டியே தட்டிக் கழித்தாள்.

கடைசிச் சோதனைக்கு அதை ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டுச் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் இரும்பு அறை அங்கேதான் இருந்தது. வாசலில் அக்காவின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வரவேற்பறையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் ஸாரி சொன்னார், சொல்லிவிட்டு உள்ளே போனார். கூடப் படித்த நெட்டையன், அந்த நாட்டுக்காரன், அடிக்கொரு தரம் வெளியே வந்து, எந்தச் சூட்டில் கம்பியை அணைப்பது என்று இவளிடம் கேட்டுக்கொண்டு போனான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் இவளை வரவேற்பாளர் என்று நினைத்து, கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டார்களாம்.

சோதனை முடிந்த பிறகு பாத்ரூம் போக எழுந்தாள். அது உள்ளே, பெரிய கூடத்தைத் தாண்டி. காவலாளி முதலில் ஒரு பொத்தானை அமுக்கினார். கூடத்துச் சுவரில் மஞ்சள் விளக்கு சுழன்றது. வெளிநாட்டு ஆள் வருகிறார் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் கம்ப்யூட்டர் திரையை அணைத்தார்கள். மேஜைமேல் இருந்தவற்றைத் துணி போட்டு மூடினார்கள். ஒரு மேஜையில் துணி ஓரத்தில் சரியாக மூடவில்லை. அவள் கையால் ஒட்டிய தங்க நிறத் தாள் தெரிந்தது. துணியை இழுத்துவிட்டவன் நெட்டையன். அவன் நிமிரவே இல்லை.

"நான் பண்ணினதை எங்கிட்டருந்தே மூடறாங்கடா" என்றாள் போனில். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அந்த ஜனங்கள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சாட்டிலைட் மேலே போனது. பேட்டரியும் உயிரோடு இருந்தது. படிப்பும் விசாவும் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு காய்கறிக் குளிர்கிடங்கில் எஞ்சினியராகச் சேர்ந்தாள். சூடும் குளிரும்தானே, அங்கே அவளுக்கு அது விளையாட்டு. இதற்கிடையில் நம் நாட்டிலேயே புதிதாகத் தொடங்கிய சாட்டிலைட் கம்பெனி ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. அன்றைக்கு அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டது நான்தான். போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள்.

வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வார்த்தையைப் பிடுங்கினேன்.

"டெஸ்ட் ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இல்லையேன்னாங்க. வெளிநாட்டு ஆளுன்னு என்னை உள்ள விடல சார்னேன்."

"சரி, அதுக்கு?"

"அப்ப அனுபவம் இல்லன்னுதானேம்மா அர்த்தம்னாங்க. உள்ள நின்னு டெஸ்ட் பாத்தவங்கதான் வேணுமாம். அதுக்கு வெளிநாட்டுலருந்தே ஒருத்தரை வரவழைக்கறாங்களாம்."

எனக்கு அந்தக் கம்பெனி மாடிக்கு ஏறிப்போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போலாமாக்கா?"

"வேணாம். கிடங்குக்கே விடு. அங்கதான் என்னை எதுவும் கேக்காம உள்ள விடுவாங்க."