கிற்றார்க்காரரின் காதும் என் காதும்

முதலில் அது ஃபிரிட்ஜின் சத்தம் என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் நான்காம் மாடி வீடொன்றில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் ஹாரல்ட் ஓர் ஆங்கிலேயர். அறுபதுகளிலிருந்து ஒரு ராக் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர். மனைவி ரொசாலியா இந்த ஊர்க்காரி. அந்த வீட்டில் சுவரெங்கும் தக்கை ஒட்டி, வெளிச்சத்தம் புகாதபடி அடைத்த ஓர் அறை இருந்தது. அதற்குள் இருந்த பதினொரு கிற்றார்களைத் தூசு தட்டுவதும் என் வேலைதான்.

ஒருநாள் கதவைச் சாத்தியதும் ஒரு கூவல் கேட்டது. மெல்லியது, விடாமல் ஒரே உயரத்தில் நின்றது. ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டாராக்கும் என்று பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மின்விளக்கை அணைத்துப் பார்த்தேன். அறையை விட்டு வெளியே வந்தேன், கூவலும் கூடவே வந்தது. கடைசியில் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. குழம்பிப் போய், பிளக்கைத் திரும்பச் செருக மறந்துவிட்டேன். மறுநாள் விருந்துக்கென்று வாங்கி வைத்திருந்த மீன் முழுவதும் நாறிப்போயிற்று.

சின்யோரா ரொசாலியா போட்ட சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஏன் பிடுங்கினாய் என்று கேட்டபோது பொய் சொல்லுமளவுக்குக் கெட்டித்தனம் இல்லை. ஒரு சத்தத்தைத் தேடினேன் என்றேன். ஹாரல்ட் சிரிக்கத் தொடங்கினார். தானும் ஒரு காலத்தில் ஒரே ஹோட்டலில் மூன்று அறை மாறி, குளிரூட்டியைக் கழற்ற வைத்து, பணியாளரோடு சண்டையும் பிடித்தாராம்.

"அது ஃபிரிட்ஜில் இல்லை, ராசன். உன்னில் இருக்கிறது" என்றார்.

காதிரைச்சல் (வெளியே ஒலி எதுவும் இல்லாதபோதும் காதில் ஒலி கேட்பது) என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. போர்கோ வெக்கியோ சந்தைப் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எட்டுப் பேர் இரண்டு அறைகளுக்குள் இருந்தோம். காலையிலிருந்தே சந்தைக்காரரின் கூப்பாடு, ஜன்னலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள். அந்த அமளிக்குள் என் இரைச்சல் இத்தனை காலமும் ஒளிந்திருந்திருக்கிறது.

வைத்தியரிடம் போ என்று ஹாரல்ட் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எங்கள் ஆட்களிடையே ஒரு பேச்சு உலவியது: ஆஸ்பத்திரியில் ஒருவனைச் செவிடன் என்று எழுதிவிட்டால், குவெஸ்தூராவில் (வெளிநாட்டவரின் பத்திரங்களைக் கவனிக்கும் பொலிஸ் அலுவலகம்) அவனுடைய பெர்மெசோவை (வதிவிட அனுமதி) புதுப்பிக்கமாட்டார்கள். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நானும் விசாரிக்காமல் நம்பினேன்.

அந்த வருடம்தான் மனைவி வசந்தியும் மகள் ஆரணியும் வந்து சேர்ந்தார்கள். போர்கோ வெக்கியோவிலேயே எங்களுக்கென்று ஓர் அறை எடுத்தேன். நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது ஆரணி தாயின் வயிற்றில் இருந்தாள். வந்திறங்கியபோது அவளுக்கு ஐந்து வயது. அதுவரை அவள் எனக்கு ஒரு தொலைபேசிக் குரல். அவள் சொல்வது சரியாகக் கேட்காதபோதெல்லாம் லைன் சரியில்லை என்று திட்டுவேன். இப்போது பிள்ளை எதிரில் நின்றாள். திட்டுவதற்கு லைன் இல்லை.

அவளுடைய குரல் மெல்லியது, உயரமானது. உதடுகள் அசைவது தெரியும், சொற்கள் வந்து சேரா. நான் சிரித்துக்கொண்டே ஓம், ஓம் என்று தலையாட்டுவேன். அவள் என்னை ஒருமுறை பார்ப்பாள், பிறகு தாயிடம் போய்விடுவாள். இரண்டாவது மாதமளவில் வாசலில் கழற்றிய என் சப்பாத்து மழையில் நனைந்து கிடப்பதைக்கூடத் தாயிடம்தான் சொன்னாள்.

"என்னப்பா, பிள்ளை உங்களோடை கதைக்கிறதை விட்டிட்டாள்" என்றாள் வசந்தி. "உங்களுக்குக் காது கேக்கிறேல்லை எண்டு அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைக்கிறாள்."

அதற்குப் பிறகு பெர்மெசோவைக் காரணம் காட்டி நான் தயங்கவில்லை. அடுத்த நாளே ஹாரல்டிடம் சொன்னேன். அவருடைய வருடாந்தப் பரிசோதனைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருந்தபோது அவர் மடியில் ஒரு கோப்பு இருந்தது. நாற்பது வயதிலிருந்து எடுத்த கேட்டல் வரைபடங்கள் (எந்த உயரத்து ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு), வருடத்துக்கு ஒன்றாக. புகைப்பட அல்பம் காட்டுவதுபோல அவற்றைப் புரட்டிக் காட்டினார். பாடகரின் முகத்தைத்தான் உலகம் அறியும், கிற்றார்க்காரரின் வரலாறு இங்கே கிடக்கிறது என்றார். இடது காது கூடுதலாகக் கெட்டிருந்தது. இருபது வருடம் மேடையில் அவருக்கு இடப்பக்கம் டிரம்ஸ்காரரின் தாளத் தட்டுகள் இருந்தனவாம். அமெரிக்கச் சுற்றுப்பயணம் போன வருடம் கோடு ஒரேயடியாக இறங்கியிருந்தது. ஆளுக்காள் பேசாமல் குழு உடைந்து கிடந்த மூன்று வருடமும் அது அசையவில்லை. சமாதானமான வருடம் மறுபடி இறங்கியது.

"நாங்கள் சண்டை பிடித்ததுதான் காதுக்கு நல்லதாக இருந்திருக்கிறது" என்றார்.

என்னை ஒரு சிறு கூண்டுக்குள் உட்கார்த்தி, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே ஒலிப்பதா, என்னுடையதா என்று தெரியாமல் பலமுறை சும்மா அழுத்தியிருப்பேன். பிறகு பெண் வைத்தியர் எங்கள் இருவரின் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு கோடுகளிலும் ஒரே இடத்தில் ஒரு பள்ளம். அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, "நீங்கள் எந்தக் குழுவில் வாசித்தீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் பேக்கரி வாசலில் பாண் வாங்க வரிசையில் நின்றேன், பக்கத்தில் ஷெல் விழுந்தது, என்றேன்.

வைத்தியர் விளக்கினார். உட்காதில் மயிர் போன்ற நுண்ணிழைகள் இருக்கின்றன. பெரும் ஒலி அவற்றைச் சாய்த்துவிட்டால் திரும்ப நிமிரா. வந்தது சங்கீதமா, ஷெல்லா என்று அவை கேட்பதில்லை. பெர்மெசோ பற்றியும் கேட்டேன். இங்கிருந்து குவெஸ்தூராவுக்கு ஒரு தாளும் போகாது என்றார். பெர்மெசோ பிறகு வழக்கம்போலவே புதுப்பிக்கப்பட்டது. இத்தனை நாளாக எதற்குப் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

படியிறங்கும்போது ஹாரல்ட் என் முழங்கையைப் பிடித்தார். "காதைக் கெடுத்த ஒவ்வொரு முறையும் எனக்குக் கைதட்டினார்கள், ராசன்" என்றார். ஒரு கணம் அவர்மேல் கோபம் வந்தது, பொறாமையும்தான். பஸ் தரிப்பிடத்துக்கு வருவதற்குள் இரண்டும் போய்விட்டன.

இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்: இரைச்சல் போகாமலே இருக்கலாம். எனக்குப் போகவில்லை. அதைத் தேடாதே, மெல்லிய சத்தத்தில் வானொலியைப் போட்டுவிடு, அமைதியான அறையில் அதோடு தனியே இருக்காதே என்று ஹாரல்ட் சொல்லித் தந்தார். அது உதவியது. இடது காதுக்குக் கேட்டல் கருவி கிடைத்தது. முதல் நாள் வியா மக்வேதா கடைத்தெருவில் நடந்தபோது, கடைக்காரர் கடதாசிப் பை மடிக்கும் சத்தமே காதைக் கிழித்தது. கருவியை மேசை லாச்சியில் போட்டு மூடத் தோன்றும். மூடாதீர்கள், சில வாரங்கள் பொறுங்கள்.

ஆரணிக்குக் கருவி பிடித்துவிட்டது. அவள் கட்டிப்பிடித்து அதை மூடினால் அது கீச்சென்று கூவும். கூவ வைப்பதற்கென்றே வருவாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், இடப்பக்கம் உட்கார்ந்து கேட்டாள்:

"அப்பா, டெலிபோனிலை என்ரை பிறந்தநாளுக்கு வாறீங்களோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொன்னனீங்கள். ஏன் வரேல்லை?"

விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது ஒரு வருடம் மட்டும் அல்ல. அவள் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் நான் ஓம் என்றிருக்கிறேன். தங்கச்சி வேணும், சைக்கிள் வேணும், அடுத்த கிழமை வாங்கோ, எல்லாவற்றுக்கும் ஓம். அந்தச் சின்னப் பிள்ளை ஓமென்ற சொல்லை நம்பிக் காத்திருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை. கேட்ட மாதிரி நடிச்சனான்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இனிக் கேக்கேல்லை எண்டா, கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்த வருடம் ஹாரல்ட் லண்டனுக்குப் போய்க் குழுவோடு கடைசிக் கச்சேரிகளை வாசித்துவிட்டு வந்தார். கோப்பில் புதிய கோடு இன்னும் இறங்கியது. எனக்குக் காட்டியபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை.

கருவி இருந்தும், இப்போதும் பிறர் சொல்வது எனக்கு அரை மூச்சு பிந்தித்தான் புரிகிறது. எல்லோரும் சிரித்து முடிக்கையில் நான் தொடங்குகிறேன். பிந்தி வாசிப்பது பிழையில்லை, ஒரே அளவு பிந்தினால் போதும் என்பார் ஹாரல்ட். அந்த இடைவெளி எனக்குப் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் நான் ஆகக் கூடுதலாகச் சொல்லும் சொல் 'கேக்கேல்லை'. சொன்னதும் ஆரணி பெருமூச்சு விட்டு, என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பி, முதலிலிருந்து சொல்லுவாள். அதற்காகச் சிலவேளை, கேட்டிருந்தும் கேக்கேல்லை என்கிறேன்.