சோத்தாங்கை

கரண்டுப் பெட்டி என்றுதான் நாங்கள் அதைச் சொல்வோம். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டு வயர்களின் நுனியில் ரப்பர் பட்டை. அதை உங்கள் பெரியப்பாவின் வலது முன்கையில் ஒட்டித் திருகியைத் திருப்பினால், சுருண்டு கிடக்கும் விரல்கள் மெல்ல விரியும். நிறுத்தினால் மறுபடி சுருண்டுகொள்ளும். திருவொற்றியூரில் எங்கள் தெருக்காரர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். செல்போன் வைத்திருப்பவரையே நின்று பார்த்த காலம் அது. பெரியப்பாவுக்கு நாக்கும் கொஞ்சம் இழுத்திருந்தது, ஆனால் கிண்டல் மட்டும் போகவில்லை. "செல்லுக்கு ஏத்துற மாரி எனக்கும் சார்ஜ் ஏத்துறாங்கடா. டவருதான் இன்னும் கெடைக்கல" என்று வார்த்தை வார்த்தையாக இழுத்துச் சொல்வார்.

பிள்ளைகளே, என் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிடியை அசைத்தால் கப்பலிலிருந்து பெரிய பெரிய இரும்புச் சுருள்கள் பூ மாதிரி இறங்கும். ஒரு காலை வேலைக்கு ஏறுமுன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளாஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்தார், கால் ஓரளவு திரும்பியது, கம்பு ஊன்றி நடந்தார். கை மட்டும் வரவில்லை.

நம் பக்கத்தில் வலது கையைச் சோத்தாங்கை என்போம், இடது கையைப் பீச்சாங்கை என்போம். நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்த இரண்டு பெயர்களில்தான் எல்லாமே இருந்தது. பீச்சாங்கையால் சோறு தொடமாட்டேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அதனால் மூன்று வேளையும் பெரியம்மா பிசைந்து ஊட்டினார். முள் எடுத்து, ஆறவைத்து, வாய் துடைத்து, குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்தார். இப்படி ஒரு பெண்சாதி யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே பேசியது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கரண்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண். மாதவரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். எங்களுக்கெல்லாம் பெட்டி மேல்தான் நம்பிக்கை. அவளுக்கு அப்படி இல்லை. பெட்டி ஒரு கைத்தாங்கல்தான், கை தானாக வேலை செய்தால்தான் மூளை மறுபடி பழகும் என்பாள். ஒருநாள் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த ஆராய்ச்சித் தாள்களையும் ஒரு சிடியையும் கொண்டுவந்தாள். சிடியில் ஒரு வெள்ளைக்காரர். நல்ல கைக்கு உறை மாட்டி அதைச் சும்மா உட்காரவைத்துவிட்டார்கள். வராத கையால் கரண்டி பிடிக்கப் பாடுபடுகிறார். மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கு இது பலன் தருகிறது, எல்லாருக்கும் இல்லை என்று தாளைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பெரியப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்து, இவருக்கு அந்த அசைவு இருக்கிறது என்றாள்.

பெரியப்பா சிரித்தார். "அவுரு கரண்டில துன்றாரும்மா. நம்ம ரசஞ்சோத்துக்கு இன்னா பண்றது?"

அவளும் சிரித்துவிட்டாள். "அதாண்ணே உங்களுக்கு மருந்தே. பீச்சாங்கையால சாப்பிட மாட்டேன்னு அடம் புடிக்கிறீங்கல்ல, அது நல்லதுதான். அக்கா ஊட்டாம இருந்தா போதும், சோத்தாங்கை வேற வழியில்லாம எழுந்து வரும்."

எர்ணாவூரில் நான் வெல்டராக இருந்த கம்பெனியிலிருந்து ஒரு தோல் கையுறை கொண்டுவந்தேன். பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அதை நல்ல கையில் மாட்டவேண்டும். முதல் நாள் சோறு வாய்க்குப் போகவே இல்லை. லுங்கியெல்லாம் குழம்பு. பெரியம்மா பார்க்கமுடியாமல் வாசலில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் நாள் போகப் போக விரல்கள் சோற்றைக் கூட்டிச் சேர்க்க ஆரம்பித்தன. ஒருநாள் ஒரு இட்லித் துண்டு வாய்வரைக்கும் போய், மீசையில் இடித்து, உள்ளே போனது. பெரியப்பா அதை மென்றுகொண்டே இருந்தார், விழுங்க மனமில்லாதவர்போல.

அந்தச் சமயத்தில்தான் வியாசர்பாடியிலிருந்து பெரியம்மாவின் அண்ணன் பார்க்க வந்தார். நான் அப்போது வேலையில் இருந்தேன். உறை மாட்டிய கை, மடியெல்லாம் சோறு, வாசலில் உட்கார்ந்திருக்கும் தங்கை. இதைப் பார்த்தவருக்கு என்ன தோன்றும்? அவர் அழுதுகொண்டேதான் கேட்டாராம். "இன்னாம்மா இது, மன்சன கட்டிப் போட்டுக் கீறீங்க? ஒரு வாய் சோறு ஊட்ட உனக்குக் கை வலிக்குதா?"

பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா கையுறையைக் கழற்றிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நான் வந்ததும் பெரியப்பா கையுறையை என்னிடம் நீட்டினார். அந்தப் பெண் விளக்கிச் சொன்னால் மச்சான் கேட்டுக்கொள்வார் என்றேன். பெரியப்பா மறுத்துத் தலையை ஆட்டினார். "வாணாம்டா. எனக்குக் கை போனா போவுது. அவளுக்குப் பேரு போவக் கூடாது."

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பிறகும் வந்து கைக்குப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். வேறு ஊருக்கு மாற்றலாகும்வரை வந்தாள். பெட்டி தன் வேலையைச் செய்தது. விரல்கள் விரிந்தன, சுருண்டன. கைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது திரையில் விளையாட்டு காட்டியெல்லாம் கையைப் பழக்குகிறார்களாம். நல்லதுதான். ஆனால் எந்தக் கருவி வந்தாலும் இது வீட்டுக்குள் நடக்கவேண்டிய வைத்தியம். நாளைக்கு எனக்கோ உங்கள் அம்மாவுக்கோ அப்படி ஆனால், வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கை முயற்சி செய்யட்டும் என்று அவர்கள் சொன்னால், ஊட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஊரார் ஏதாவது சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஊட்டுவதுதான் பாசம் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து நம்பினோம். யாரையும் குறை சொல்லமுடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரியவளே, உன் காதுகுத்து விருந்து உனக்கு நினைவிருக்காது. பெரியப்பா விழுந்து பல வருடம் கழித்து நடந்தது. பந்தியில் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அண்டாவிலிருந்து அப்போதுதான் எடுத்த பிரியாணி, இலையில் ஆவி பறந்தது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். பெரியப்பா என்ன நினைத்தாரோ, இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கிச் சோற்றின் மேல் வைத்தார். விரல்கள் வெடுக்கென்று துடித்தன.

"சூடா கீதுடா" என்றார் என்னைப் பார்த்து.

பெரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எடுத்த கவளத்தை மெதுவாக இலையிலேயே வைத்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். விரல்கள் சோற்றுக்குள் எதையோ தேடுவதுபோல ஊர்ந்தன. நாலைந்து பருக்கைகள் ஒட்டின. ஆனால் சோற்றைக் கூட்டிப் பிடிக்க வரவில்லை, தூக்கவும் வரவில்லை. பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து போனார்கள். ஆவி அடங்கியது. பிறகு பெரியப்பாவே பெரியம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.