ஓடைப் பாலத்தடியில் பார்ப்ரூ போட்ட பாதை

எக்பி என்ற ஊரில் உருளைக்கிழங்கு வயலை நிரவி முதல் பெரிய கடையைக் கட்டியபோது திரைச்சீலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள் பார்ப்ரூ. நான் பக்கத்தில் விளக்குப் பிரிவு. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில் அவள் வீடு. அடுப்படி ஜன்னலில் நின்றால் கடையின் பெயர்ப்பலகை தெரியும்; நடந்து வரத்தான் வழி இல்லை. காரில் வருபவர்களுக்காகவே கட்டிய இடம் அது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக்கொடுத்தவர் ரூனே, ரொம்பப் பொறுமைசாலி.

"பார்ப்ரூ, அது மரம். நீ ஹாரன் அடிச்சா நகராது."

"நான் என்ன வேணும்னா அடிச்சேன்? கை பட்டுடுச்சு!"

ஒவ்வொரு தேர்விலும் தோற்றாள். கடைசியில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, நெடுஞ்சாலை ஓடையைக் கடக்கும் பாலத்துக்கு அடியில் புகுந்து, சேற்றில் பலகை போட்டு நடந்தே வந்துவிட்டாள். அதைப் பார்த்துக் குடியிருப்புப் பெண்களும் அதே வழியில் வர ஆரம்பித்தார்கள். கடைத் தரையெல்லாம் சேறு. மேனேஜர் ஸ்தூரே கத்தினார்.

"இது கடையா, மாட்டுத் தொழுவமா?"

"சேறு இருந்தா வியாபாரம் இருக்குன்னு அர்த்தம், மேனேஜரே. திட்டாம ஒரு மிதியடி வாங்கிப் போடுங்க."

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் பனிப்புயல். நெடுஞ்சாலையில் கார்கள் அப்படியே புதைந்து நின்றன. பார்ப்ரூ பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாலத்தருகே ஒரு காருக்குள் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார் ஸ்தூரே. கண்ணாடியைத் தட்டி, ஃபிளாஸ்க்கிலிருந்து சூடாகக் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"இறங்குங்க. என் பின்னாடியே வாங்க."

"இந்த ஷூவோடயா?"

"இல்ல, ஏப்ரல்ல பனி உருகட்டும், அதுவரைக்கும் இங்கயே இருங்க."

முழங்கால்வரை நனைந்து கடைக்கு வந்து சேர்ந்தவர், மறுவாரமே நடைபாதை கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். "பெரிய கடைக்கு நடந்து வர்றவங்க யாரு?" என்று உறுப்பினர் ஒருவர் சிரித்தார். ஸ்தூரே எழுந்து, "நான் வந்தேங்க. கால் விரல் இன்னும் மரத்துக் கிடக்கு" என்றார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது, பாதை கிடைத்தது. விளக்கு வைத்து, தார் போட்டு, அவர்கள் மிதித்த தடத்திலேயே அமைத்தார்கள்.

அதன்பின் எக்பி வளர்ந்த வேகம் இருக்கிறதே! செருப்புக் கடை, பொம்மைக் கடை, பஸ் நிறுத்தம், திரையரங்கு. பாதையைத் திறந்த அன்று கூட்டத்தில் நின்ற ரூனே பார்ப்ரூவிடம் வந்தார்.

"வீடுவரைக்கும் கூட வரட்டுமா?"

"கார் எங்கே?"

"வேணும்னேதான் வீட்ல விட்டுட்டு வந்தேன்."

அடுத்த கோடையில் கல்யாணம். பந்தியில் ஸ்தூரே இருந்த மேசையில்தான் நானும் உட்கார்ந்தேன். பாட ஆரம்பித்தால் மனுஷர் நிறுத்தவே மாட்டார்.

இப்போது கடையின் கார் நிறுத்துமிடத்தில் பாதியைத் தோண்டி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பார்ப்ரூவும் ரூனேயும் அதில் ஒன்றில் குடியேறி, வியாழன்தோறும் பட்டாணி சூப்புக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் நானும் போனேன். நாற்காலி போதவில்லை, ஜன்னல் திண்டில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.