குச்சி நின்ற இடம்

“துருவைத் தேய்ச்சது யாரு?”

“நான்தான் சார். உப்புத்தாள் வச்சு...”

“பாதி விலையைத் தேய்ச்சுட்டியேம்மா! பழசுக்கு அந்தத் துருதான் அத்தாட்சி. பாத்திரம் வெளக்குற மாதிரி வெளக்கிட்டு வந்து நிக்கிறே.”

பழம்பொருள் மதிப்பிடுகிறவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே திட்டினார். அவர் மேசைமேல் பெரியப்பா விட்டுப்போன கைத்துப்பாக்கி கிடந்தது.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் “நாவல் படிக்கிறதைக் குறைச்சுக்கோ” என்கிறார்கள். நிறையப் படிப்பது உண்மைதான். ஆனால் இதை நான் எங்கும் படிக்கவில்லை. அன்று முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு நிமிடமும் நினைவிருக்கிறது.

பகல் 2.40.

அண்ணனின் நெஞ்சில் மூன்று கட்டிகள். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. மாலை ஆறு மணிக்குள் பணம் கட்டவில்லையென்றால் அடுத்த தேதிக்கு மூன்று வாரம் ஆகும். அவ்வளவு நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வளையல், வண்டி எல்லாம் போய்விட்டன. மிச்சம் இந்தத் துப்பாக்கி ஒன்றுதான். பனியில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்ளும் கதைகளைப் படித்தவள் நான். பெரியப்பாவோ பல்லியைக்கூட விரட்டாதவர். அவருக்கு இது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் அவர் இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணன் இரும ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

மதிப்பிடுகிறவர் ஒரு மரக்குச்சியைக் குழாய்க்குள் விட்டார். வாயருகே பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து, குழாயின் மேல் வைத்து அளந்தார். குச்சி அடிவரை போயிருந்தது.

“காலி. உள்ள குண்டு இருந்தா குச்சி முன்னாடியே நின்னுடும். இன்னொருத்தர் கையில குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாக்கணும்.”

பிறகு குழாயைக் கழற்றி அடியில் இருந்த முத்திரைகளைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

“இருநூறு வருஷம் இருக்கும். சக்கிமுக்கிக் கல்லுல வெடிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. அப்புறம் யாரோ கேப்பு வச்சு வெடிக்கிற மாதிரி மாத்திட்டாங்க. மாத்தாம இருந்தா மூணு பங்கு விலை. இருந்தாலும் உன் செலவுக்கு ஆகும். நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார்.”

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன்.

3.35. வாங்க வருகிறவருக்காக மறுபடி குச்சியை விட்டார்.

அது ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றது.

“நீ ஏதாவது போட்டியா?”

“இல்லை சார். நான் தொடவே இல்லை.”

அறையில் நாங்கள் இருவர்தான். துப்பாக்கி மேசையை விட்டு நகரவில்லை.

திருகுமுனைக் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தார். ஒரு ஈயக்குண்டு வந்தது. பின்னாலேயே கொஞ்சம் கருமருந்து கொட்டியது. குண்டைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி.

துணி புதிது. முகர்ந்து பார்த்தேன். மருத்துவமனைக் கட்டுத்துணியின் வாசனை...

குண்டு வெதுவெதுப்பாக இருந்தது.

3.44. மறுபடி குச்சி. மறுபடி நின்றது.

இரண்டாவது குண்டு. அதே துணி.

3.52. மறுபடி...

நின்றது.

அப்போது குழாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம். மெல்ல. க்கும்... க்கும்...

இருமல்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.

அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். “வேணாம்மா. இதை நான் எடுக்க மாட்டேன்.”

வாசல் மணி அடித்தது. வாங்குபவர்.

மதிப்பிடுகிறவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரிந்தது. “எதுவும் சொல்லாதீங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்” என்றேன்.

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

5.25. மருத்துவமனையில் பணம் கட்டிவிட்டேன்.

5.40. மருத்துவர் என்னை அழைத்து இரண்டு எக்ஸ்ரே படங்களை விளக்கில் மாட்டினார்.

“இது மத்தியானம் எடுத்தது. மூணு கட்டி. இது நாலரைக்கு எடுத்தது. ஒண்ணுதான் இருக்கு. மெஷின்ல கோளாறோன்னு ரெண்டு தடவை எடுத்துட்டோம்.”

“அந்த ஒண்ணு?”

“அதுதான் புரியலை. நல்லா உருண்டையா இருக்கு. எக்ஸ்ரேல ஈயம் தெரியுற மாதிரி வெள்ளையாத் தெரியுது.”

அண்ணன் படுத்திருந்த வார்டுக்கு ஓடிக்கொண்டே மதிப்பிடுகிறவருக்குப் போன் போட்டேன்.

5.47.

“சார், வாங்கினவரைக் கூப்பிடுங்க. உள்ள இருக்குறதை உடனே எடுக்கச் சொல்லுங்க.”

“இப்பத்தாம்மா பேசினார். உள்ள குண்டு இருக்குன்னு பாத்துட்டார். ஒரே சிரிப்பு. எடுக்க வரலையாம். தோட்டத்துல நின்னு சுட்டே வெளியேத்திடறேன்னார்.”

கட்டிலில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். நெஞ்சை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தான்.

“சார்... சுட வேண்டாம்னு சொல்லுங்க. சார்? கேக்குதா? சுட வேண்டாம்னு அவர்கிட்ட...”