அழிக்கச் சொன்ன படம்

க்யிம்யிண்டைங்கில் ஒரு மண்டபத்தில் திரை கட்டி, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வந்திருந்தார் ஒரு நர்ஸ். அவரை எல்லோரும் சயாமா என்று, பர்மிய மொழியில் டீச்சரம்மா என்று, அழைத்தோம். ஒல்லியானவர், நரைத்த கொண்டை, சுருங்கியே இருக்கும் புருவம். ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால் கருவியை வெந்நீரில் நனைத்துத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பார். கையடக்கக் கேமரா எடுக்கும் கருப்பைவாயின் படம் அவர் போனில் தெரியும்.

எனக்கு முன்னால் போனவளின் படத்தில் வெள்ளைத் திட்டு இருந்தது. நோயின் தொடக்கமாக இருக்கலாம், படத்தைப் பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும் என்றார் சயாமா. வாசலில் நின்ற அவள் கணவன் அதைக் கேட்டுப் பாய்ந்து வந்தான்.

"எம் பொஞ்சாதியப் போன்ல படம் பிடிப்பீங்களா? அழிங்க சயாமா!"

"அழிச்சா படம்தான் போகும் தம்பி, நோவு போகாது. இப்பவே பார்த்தா சுளுவா குணமாக்கலாம்."

"நாலு பேரு பார்க்கவா?"

"ஒரு டாக்டர் பார்க்க. இதுல மூஞ்சிகூட இல்ல."

அவன் போனைப் பிடுங்கிப் படத்தை அழித்தான். சயாமா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, திரைக்கு வெளியே வந்து நின்ற அவளைப் பார்த்தார்.

"உன் உடம்பு தங்கச்சி. நீ சொல்லு."

அவள் மறுபடி திரைக்குள் போய்ப் படுத்தாள். சயாமா புதிதாகப் படம் எடுத்து அங்கேயே அனுப்பினார்.

வரிசையில் பதினோரு பெண்கள் இருந்தோம். ஏன் பிடுங்கினாய் என்று ஒருத்தியும் அவனைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.