நம்ம பொண்ணுக்குத் தெவசம்

எங்கள் சுரக்குடியில் வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு விழா நடக்கிறது. சாமிக்கு இல்லை, தலைவருக்கும் இல்லை, ஒரு நாவலுக்கு. காரைக்காலிலிருந்து கல்லூரி வாத்தியார்கள் வருவார்கள். மைக் கட்டுவார்கள், ஊருக்கே சாப்பாடு போடுவார்கள். இந்த வருஷம் பேசிய பிள்ளை, இலக்கியத்தின் மேல் இந்த ஊர் வைத்த காதலால் பிறந்த விழா என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தட்டவில்லை. இது எங்கள் வீட்டில் பிறந்த விழா. இதைப் பெற்றுப்போட்ட என் அப்பாவுக்கு எழுத்தே தெரியாது.

அந்தக் கதை புத்தகமாகிப் பேர் வாங்கியதெல்லாம் பின்னால். நான் சிறுமியாக இருந்தபோது வாராவாரம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. சித்தி வாசிப்பாள், தெருப் பெண்கள் கூடிக் கேட்பார்கள். கதையில் ஒரு பெண் மாமியார் வீட்டில் படாத பாடு படுவாள். அவளுடைய பேரை யாரும் சொல்வதில்லை. 'நம்ம பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். 'இந்த வாரம் நம்ம பொண்ணுக்குச் சோறு போட்டாளா அந்தச் சண்டாளி?' என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார்கள்.

ஒரு வாரம் அந்தப் பெண் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். சித்திக்கு மேலே வாசிக்க வாய் வரவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுப்புகூட மூட்டவில்லை. அப்பா அப்போது நடவு வயலில் நின்றார்.

அம்மா என்னைக் கூப்பிட்டு, "போய் அப்பாகிட்ட சொல்லு. நம்ம பொண்ணு செத்துப் போயிட்டா, இன்னைக்கு ஒலை வைக்கலன்னு சொல்லு" என்றாள்.

ஓடினேன். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்பாவின் கையிலிருந்த நாற்றுமுடி சேற்றில் விழுந்தது. அவருக்குக் கதையும் தெரியாது, கதைப் பெண்ணும் தெரியாது. நம்ம பொண்ணு என்றால் என் அக்காள்தான். தருமபுரத்தில் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பாமல், சேற்றுக் காலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திருநள்ளாற்றில் தெரிந்த ஜவுளிக்கடையில் செத்தவளுக்குப் போர்த்துகிற பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு சிவப்புச் சேலை வாங்கினார். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். அப்பா சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அக்காள் வீட்டுக்குப் போகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா ஏன் அழுகிறார் என்று மட்டும் விளங்கவில்லை. கதையைக் கேட்டால் ஆண்களும் அழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தருமபுரத்து வீட்டு வாசலில் கூட்டம் இல்லை, சங்குச் சத்தம் இல்லை. கொல்லைப் பக்கமிருந்து அக்காள் வந்தாள். உயிரோடு, நடந்து வந்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் அப்பாவின் சேற்றுக் காலைப் பார்த்தாள், கையிலிருந்த கோடியைப் பார்த்தாள்.

"யாருப்பா சொன்னா ஒங்ககிட்ட? நான் இன்னும் ஒண்ணும் செய்யலியே" என்றாள்.

சமையலைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். வந்த இடத்தில் கௌரவமாக நடந்துகொள்ள வேண்டுமே. "பரவால்லக்கா, பழையது இருந்தாக்கூடப் போதும்" என்றேன்.

அப்பா எட்டி அவள் கையைப் பிடித்து தெருவுக்கு இழுத்தார். உள்ளேயிருந்து அவள் மாமியார், "சொல்லாம கொள்ளாம சேத்துக் காலோட வந்து பொண்ணத் தூக்கிக்கிட்டுப் போறதுதான் ஒங்க ஊரு மொறையா சம்பந்தி?" என்று கத்தினாள். சம்பந்தி முன்னால் தோளில் துண்டு போடாத மனுஷர், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காள் அதன்பிறகு தருமபுரம் போகவே இல்லை.

அடுத்த வருஷம் அதே நாளில் அப்பா வீட்டில் படையல் போட்டார். சித்தியை அந்த வாரத்துக் கதையை மறுபடி வாசிக்கச் சொன்னார். தெருவுக்கே இலை போட்டார். பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டே, "கதையில செத்தவளுக்குத் தெவசம் குடுக்குற ஆள இப்பத்தாண்டா பாக்குறேன். வர்ற வருஷம் கருமாதிப் பத்திரிகையும் அடிச்சிரு" என்றார். பந்தியே சிரித்தது.

"சிரிங்கண்ணே. அவ என் பொண்ணுக்குப் பதிலாப் போனவ. அவளுக்கு நான் சோறு போடாம யாரு போடுறது?" என்றார் அப்பா.

அச்சில் இருக்கிறவள் எப்படி ஒருத்திக்குப் பதிலாகப் போவாள்? பரிமாறிக்கொண்டு வந்த அக்காளிடம் கேட்டேன். அவள் என் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். வடை கிடைத்ததில் நானும் கேட்டதை மறந்துபோனேன்.