அலமாரி மேல் ஒரு ரோமக் கத்தி

ஒரு குழந்தையிடம் "திரும்பி வருவோம்" என்று பொய் சொல்லி விமானம் ஏற்றுவது அதன் அழுகையைக் குறைக்கவா, நம்முடைய அழுகையைக் குறைக்கவா? சிறுமியாக இருந்தபோது எனக்குள் விழுந்த இந்தக் கேள்விக்கு, எனக்கே ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிற இன்றும் பதில் தெரியவில்லை.

கேள்வியை நினைத்தால் முதலில் வருவது ஒரு வாடைதான். வாப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அறை முழுக்கப் பரவும் ரெசின் பிசின் வாடை. மூக்கில் இனிப்பாகத் தொடங்கித் தொண்டையில் கசப்பாக முடியும். துபாயில் அல் கூஸ் பகுதியில், உணவகங்களுக்கும் கடைகளுக்கும் ஃபைபரில் தூண்களும் சிலைகளும் வார்த்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வாப்பா சூப்பர்வைசராக இருந்தார். நாங்கள் ஷார்ஜாவில், ஒரு வீட்டின் ஓர் அறையில் "ஷேரிங்"கில் குடியிருந்தோம். அடுத்த அறையில் ஒரு மலையாளக் குடும்பம், சமையலறை இருவருக்கும் பொது. வாப்பாவின் சட்டைகளை மற்ற துணிகளோடு சேர்க்காமல் உம்மா தனி வாளியில் ஊறவைப்பார். எனக்கு அந்த வாடை பிடிக்கும். அது வந்தால் வாப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு இத்தாலிய உணவகத்தின் வாசலில் நிறுத்துவதற்காக ரோமப் படைவீரர்களின் சிலைகளை அந்தப் பட்டறையில் வார்த்தார்கள். மாதிரி பார்க்க உணவகக்காரர்கள் ஒரு பெரிய படப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்தபோது அதன் பாதிப் பக்கங்கள் ரெசின் பட்டு ஒட்டிக்கொண்டுவிட்டன. குப்பைக்குப் போக இருந்த அந்தப் புத்தகத்தையும், வார்ப்பில் குமிழி விழுந்து கழிக்கப்பட்ட ஒரு குத்துக்கத்தியையும் வாப்பா எனக்காகக் கொண்டுவந்தார்.

"இந்தா, ஒன் ரோமாபுரிக் கத்தி. ஒங்கும்மாவ மட்டும் குத்திராத, நாளக்கி சோறு வேணும்" என்றார்.

"வாப்பாவக் குத்தலாம்டி, அவுக சமைக்கிறதில்ல" என்றார் உம்மா சமையலறையிலிருந்து.

இலை வடிவத்தில் இடுப்பு சிறுத்து நுனி கூர்ந்த அலகு, அதன் நடுவில் முதுகெலும்பு போல மேடாக ஓடும் ஒரு கோடு, பிடியின் மத்தியில் விரல்கள் பற்றிக்கொள்ள ஒரு குமிழ். பித்தளைத் தூள் கலந்து வார்த்ததால் கையில் எடுத்தால் ஜில்லென்று கனக்கும். ஃபைபர்தான் என்று தெரிந்தும் அதை நான் ஒருநாளும் பொம்மை என்று சொன்னதில்லை. அதன் பெயர் "பூகியோ" என்று புத்தகத்தில் இருந்தது. சாதாரண வீரன் வாளை வலப்பக்கமும் இந்தக் கத்தியை இடப்பக்கமும் கட்டியிருப்பான். ஈட்டியும் வாளும் எதிரே வருகிறவனுக்கு, கத்தி மிக அருகில் வந்துவிட்டவனுக்கு. அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

ஒட்டிக்கொண்ட பக்கங்களை உம்மாவின் தோசைத் திருப்பியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். ரோமப் படைவீரன் சொந்த ஊரை விட்டு எங்கோ எல்லையில் முகாமில் கிடப்பான், இருபத்தைந்து வருடம் வேலை செய்தால் ஒரு துண்டு நிலம் கிடைக்கும், வேலையில் இருக்கும்வரை அவன் முறையாகக் கல்யாணம்கூடச் செய்துகொள்ள முடியாது என்றெல்லாம் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவின் பட்டறை ஆட்களைப் பார்க்கப் போகும்போது நான் கண்ட, அவர்கள் தங்கும் அல் கூஸ் "கேம்ப்", இரும்புக் கட்டில்கள், கம்பியில் காயும் ஒரே நிறச் சட்டைகள் எல்லாம் எனக்கு அந்தப் பக்கங்களாகவே தெரிந்தன.

"அப்ப அவங்க புள்ளைங்கள்லாம் எங்க வாப்பா இருக்கும்?"

"முகாமுக்கு வெளிய குடிச போட்டு வெச்சிருப்பாக."

"ஷேரிங்லயா?"

வாப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையின் மலையாள ஆன்ட்டி எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பின் முடிவில் அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று அன்று நான் யோசிக்கவில்லை. அல்லது, முகம் மாறியதாக இப்போது நானே சேர்த்துக்கொள்கிறேனோ என்னவோ.

ஐந்தாம் வகுப்பில், செப்டம்பரில் பள்ளி திறந்ததும் நடக்கவிருந்த கண்காட்சியில் ரோமப் படையைப் பற்றிப் பேச என் பெயரை டீச்சர் எழுதிக்கொண்டார். அட்டையில் கேடயம் செய்தாயிற்று. கத்தியை அலமாரி மேல் ஒரு டர்க்கி டவலில் சுற்றி வைத்திருந்தேன். அப்போதுதான் வாப்பா, கோடை விடுமுறைக்கு நானும் உம்மாவும் ஊருக்குப் போகிறோம் என்றார்.

வளைகுடாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கள் நன்றாகத் தெரியும்: "லீவு", "கேன்சல்". லீவில் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பார்கள். விசாவை ரத்துசெய்துவிட்டுக் கேன்சலில் போகிறவர்கள் செடியையே கொடுத்துவிடுவார்கள். வாடகை ஏறிக்கொண்டே போன அந்த வருடம் எங்கள் கட்டடத்தில் பலர் செடிகளைக் கொடுத்தார்கள். என் வகுப்பிலேயே சில நாற்காலிகள் காலியாயின. அதனால் நேராகவே கேட்டேன்.

"லீவா வாப்பா, கேன்சலா?"

"லீவுதாம்மா. ரெண்டு மாசம். ஓடி வந்துர மாட்டீக?"

அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. வாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, நம் ஊருக்கு வடக்கே வைகை கடலில் சேருகிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, அந்தக் காலத்தில் உன் ரோமாபுரிக்காரர்கள் மிளகுக்கும் முத்துக்கும் கப்பலேறி அங்கேதான் வந்தார்கள், யவனர் என்று நம் ஆட்கள் அவர்களைத்தான் சொன்னார்கள் என்று சொல்லத் தொடங்கினார். "மழ பேஞ்சா மண்ணுக்குள்ளேருந்து காசு எட்டிப் பாக்கும் புள்ள. ராஜா தல போட்ட காசு. ஒண்ணு எடுத்தாந்து ஸ்கூல்ல காட்டு, டீச்சர் மயங்கி விழுவாக." அன்றிலிருந்து ஊருக்குப் போகும் நாளை நானே எண்ணத் தொடங்கிவிட்டேன். நான் மிகவும் விரும்பிய ஒன்றைத் தூண்டிலில் மாட்டி என்னை இழுத்தார் என்பது எவ்வளவு பிந்திப் புரிந்தது!

கத்தியை எடுத்துப்போகக் கேட்டேன். "ஏர்போர்ட்ல புடிச்சி வெச்சிருவான். இங்கயே பத்திரமா இருக்கட்டும், நாந்தான் இருக்கேன்ல" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. திரும்பி வருகிறவள்தானே பொருளை விட்டுப் போவாள்? புறப்பட்ட அன்று நாற்காலி போட்டு ஏறி, டவலைப் பிரித்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன். உம்மா வாசலில் நின்று "நேரமாச்சு" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. விமான நிலையத்தில் நான் வாப்பாவுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன். இரண்டு மாதம்தானே.

ஊருக்கு வந்து ஒரு வாரம் இருக்கும். உம்மா என்னைக் கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு அழைத்துப் போனார். பெருநாள் துணிக்கு அளவெடுக்க என்று நினைத்தேன். தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் தோளில் வைத்தார். மேசையில் நீலமும் வெள்ளையுமாகப் பள்ளிச் சீருடைத் துணி கிடந்தது.

"எந்த கிளாஸும்மா பாப்பா?"

"அஞ்சு. ரெண்டு இஞ்சு கூட வெச்சி மடிச்சித் தைங்க காக்கா, அடுத்த வருசமும் போடட்டும்" என்றார் உம்மா.

நான் அழவில்லை. அளவெடுத்து முடிகிறவரை கைகளை விரித்தபடியே நின்றேன். வெளியே வந்ததும், "வாப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். உம்மா என்னை இழுத்து நிழலில் நிறுத்தி, "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான், அங்கயே சொன்னா நீ வந்திருக்க மாட்டே" என்றார். வாப்பாவுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

பிறகு "கார்கோ" வந்தது. கடல் வழியாக வந்த அட்டைப்பெட்டிகளில் போர்வைகள், மிக்ஸி, என் ரெசின் பட்ட புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் ஷார்ஜா அறையின் பச்சைத் திரைச்சீலை. கத்தி இல்லை. திரைச்சீலையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதைக் கழற்றி அனுப்பிவிட்ட அறையில் வாப்பா எப்படித் தூங்குவார்? அந்த வெயில் முகத்தில் அடிக்குமே. அப்படியானால் அந்த அறையே இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வரும்போது கேட்டேன். "என் கத்தி எங்க வாப்பா?" "அலமாரி மேலதாம்மா. நேத்துகூடத் தூசி தட்டி வெச்சேன்." அறை இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. டவலின் நிறத்தைக்கூட மறக்காமல் சொல்வார். நான் பெரிய வகுப்புக்குப் போய், கேட்பதை நானே நிறுத்தும்வரை அந்த இல்லாத அலமாரி எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.

அந்த மேட்டுக்கு ஒரு மழை நாளில் போனேன். சீமைக்கருவேலமும் உடைந்த பானை ஓடுகளும்தான் இருந்தன. காசு கிடைத்தது உண்மைதான், தோண்டியெடுத்துக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அங்கே ஆடு மேய்த்தவர் சொன்னார். வாப்பா அதில் பொய் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. ஒரு உண்மையை எடுத்து இப்படிப் பயன்படுத்தியிருக்கிறாரே என்று.

கல்யாணமாகி நான் மஸ்கட் புறப்பட்ட நாளில், என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த வாப்பாவிடம், வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்டிருந்த அந்த மனிதரிடம், கடைசியாகக் கேட்டேன். அவர் கயிற்றிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"கேம்புக்குப் போறப்ப கையோட எடுத்துக்கிட்டுத்தாம்மா போனேன். மெத்தைக்கு அடியில வெச்சிருந்தேன். மொத மாசமே செக்யூரிட்டிக்காரன் செக்கிங் வந்து எடுத்துட்டான். ஃபைபர்டா, எம் புள்ள சாமான்டான்னு சொல்லிப் பாத்தேன். கேம்புக்குள்ள கத்தியே கூடாது பாய், கலாஸ், முடிஞ்சிதுன்னுட்டான்."

"அப்பறம் ஏன் வாப்பா அலமாரி மேல அலமாரி மேலன்னு சொன்னீங்க?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியேம்மா."

"பழசக் கிளறாத புள்ள, பெட்டியக் கட்டு" என்றார் உம்மா.

இப்போது மஸ்கட்டில் ரூவியில் இருக்கிறோம். என் கணவரைக் கம்பெனி பாலைவனத்தில் ஒரு புது "சைட்"டுக்கு மாற்றிவிட்டது. இனி அவருக்கு அங்கே கேம்ப்தான், குடும்பத்துக்கு இடமில்லை. நானும் மகனும் ஊரோடு போகிறோம். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. "லீவுன்னு சொல்லி வை. போயி ரெண்டு நாள்ல மறந்துருவான். நீயும் இப்படி வந்தவதானே, ஒனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்கிறார் கணவர். அவர் நல்லவர், பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாதவர். ஊருக்குப் போனால் படகில் கடலுக்குள் கூட்டிப்போவதாக மகனிடம் அவர் சொல்லிவிட்டார். பையன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

போன வருடம் ஓர் உறவினர் கல்யாணத்துக்குத் துபாய் போனபோது அந்த இத்தாலிய உணவகத்தைத் தேடினேன். அங்கே இப்போது செல்போன் கடை. வாசலில் நின்ற வீரர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஷார்ஜாவில் நாங்கள் இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. கத்தி எந்தக் குப்பைத் தொட்டியில் கிடந்து எந்த மணலுக்கடியில் போனதோ.

இன்று காலை மகன் காலால் உந்தி ஓட்டும் தன் பச்சை ஸ்கூட்டரை வாசலுக்கு உருட்டி வந்து, "உம்மா, மை ஸ்கூட்டர், கமிங் ஆர் நாட் கமிங்?" என்றான். நம்மோடு வருமா, அல்லது பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாமா என்கிறான். "இங்கயே பத்திரமா இருக்கட்டும்" என்று என் வாய்வரை வந்துவிட்டது. பயந்துபோய் உதட்டைக் கடித்துக்கொண்டு வாப்பாவுக்குப் போன் செய்தேன். பிள்ளையிடம் சொல்லவா வேண்டாமா என்று கேட்டேன். "என்ட்ட கேக்காதம்மா" என்றார். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். "அந்த ஸ்கூட்டர் எம்மாம் பெருசு? மடக்குனா பெட்டியில புடிக்குமா?" என்று குரல் வந்தது.

பிடிக்கும், அளந்து பார்த்துவிட்டேன். ஆனால் அதைப் பெட்டியில் வைத்தால் பையன் ஏன் என்று கேட்பான். வைக்காவிட்டால் நான் பொய் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், இங்கே மிச்சமிருக்கும் இரண்டு வாரத்தையும் அவன் அழுதே கழிப்பானோ? சொல்லாவிட்டால், என்னைப் போல இருபது வருடம் கழித்தும் கேட்டுக்கொண்டே இருப்பானோ? உங்களில் யாராவது ஆறு வயதுக் குழந்தையிடம் "நாம் திரும்பி வரப் போவதில்லை" என்று சொல்லியிருக்கிறீர்களா? எந்த வார்த்தையில் தொடங்கினீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். ஸ்கூட்டர் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.